"அந்தக் காலத்துக் கட்டடம் மாதிரி வருமா?" – எஞ்சியதை மட்டும் பார்ப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

காரைக்குடிப் பக்கம் புது வீடு கட்டுகிற யாரும் ஒரு பேச்சுக்குத் தப்ப முடியாது. பால் காய்ச்சுகிற அன்றைக்கே யாராவது ஒரு பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரை விரலால் தட்டிப் பார்த்துச் சொல்வார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனாலும் அந்தக் காலத்துக் கட்டடம் மாதிரி வருமா?" சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் கானாடுகாத்தான் வீடுகளைச் சொல்வார். இன்னொருவர் 1941-இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டைச் சொல்வார். மூன்றாமவர், தன் பாட்டனார் வீட்டில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் இன்றும் கை வழுக்குகிறது என்பார். மூவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பேச்சிலும் பொய் இல்லை. அப்படியும் அவர்கள் போய்ச் சேர்கிற முடிவு, அதாவது அந்தக் காலத்தில் கட்டியதெல்லாம் உறுதி, இந்தக் காலத்தில் கட்டுவதெல்லாம் சொத்தை என்பது, அந்தச் சாட்சிகளிலிருந்து கிடைக்காத முடிவு.

ஏன் என்று பார்ப்போம். நம் கண்ணுக்கு இன்று படுகிற பழைய வீடு ஒவ்வொன்றும் இன்றுவரை நின்ற வீடு. விழுந்த வீடு விழுந்த இடத்தில் இல்லை. அங்கே இப்போது வேறு வீடு இருக்கும், அல்லது கருவேலம் மண்டிய மனை இருக்கும். 1900-இல் இந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் பர்மாத் தேக்குத் தூண் வைத்த வளவுகளா, அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய வீடுகளா? அந்த வளவுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களும், செங்கல் சுமந்தவர்களும், மரம் இழைத்தவர்களும் மண்சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்த வீடுகளில்தான் இருந்தார்கள். அவையும் அந்தக் காலத்துக் கட்டடங்கள்தான். ஓலை மாற்ற ஒரு மழைக்காலம் பிந்தினால் கரைந்தவை, ஒரு தீப்பொறிக்குத் தெருவோடு எரிந்தவை. எண்ணிக்கையில் அவைதான் அதிகம். இன்று சுற்றுலா வருகிறவருக்குக் காட்ட அவற்றில் ஒன்றுமில்லை.

ஆகவே நாம் செய்கிற ஒப்பீடு எப்படி இருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் கட்டியவற்றுள் தலைசிறந்த சிலவற்றை எடுத்து, இந்தக் காலத்தில் கட்டுகிற எல்லாவற்றோடும் நிறுத்துகிறோம். காலம் ஏற்கெனவே சலித்துவிட்டதை ஒரு பக்கமும், சலிக்காததை மறுபக்கமும் வைத்தால் எது உசத்தியாகத் தெரியும் என்று சொல்லவே வேண்டாம். இந்த மயக்கத்துக்குப் புள்ளியியலில் சர்வைவர்ஷிப் பயாஸ் என்று பெயர். தமிழில் எஞ்சியவை தரும் மயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் எதுவானாலும் சரி, விஷயம் இவ்வளவுதான்: ஒரு சல்லடையைத் தாண்டி வந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு, சல்லடைக்கு முன்னால் இருந்த எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிவிடுவது.

பெரியவர் சொல்வதில் உண்மையே இல்லையா என்றால், இருக்கிறது. கனமான சுண்ணாம்புச் சுவருக்கும் இன்றைய கான்கிரீட்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. கலவை சரியில்லாமலோ, கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இல்லாமலோ போனால் ஈரமும் காற்றும் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் தளத்தின் அடிப்பக்கம் விரிந்து பொரிந்து விழுகிறது. கம்பியே இல்லாத சுண்ணாம்புச் சுவருக்கு இந்த நோய் வராது. இரும்பு அரிமானத்தை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே 1953-இலிருந்து இயங்கிவருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது அது. எந்தக் கட்டடம் எதனால் கெடுகிறது என்பதற்குக் காரணம் சொல்கிற அறிவு நம் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. நின்றுவிட்ட வீடுகளை எண்ணுவதைவிட, காரணத்தைக் கேட்பது நல்ல வழி என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, காணாமல் போனவை எங்கே போயின? இந்தக் கேள்விக்குச் செட்டிநாட்டில் பதில் கொஞ்சம் கண்ணுக்கே தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழம்பொருள் கடை வாசலில் தேக்குத் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். தூணின் அடியில் வீட்டுத் தரையின் சுண்ணாம்புக் காரை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலை ஒன்று சுவரோரம் நிற்கும். அதன் மேல்கட்டையில் ஒவ்வொரு பொங்கலுக்கும் வைத்த குங்குமம் கருத்துப்போய் மரத்தோடு மரமாக இருக்கும். எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, கல்யாணச் சீர்வரிசையில் வந்த பித்தளைச் சாமான், எல்லாம் விலைக்கு. ஒவ்வொன்றும் ஒரு வீடு இருந்தது என்பதற்கு அத்தாட்சி. "வருமா?" என்று கேட்கிறவர்கள் கணக்கில் அந்த வீடுகள் இல்லை.

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் வருகிறது. புதிதாக இந்தக் கருத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். காணாமல் போனவை இருக்கின்றன என்று தெரிந்த உடனே, "ஆக, பழைய வீடுகள் உறுதியில்லாதவை" என்று நேரெதிர் முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. அவை எதனால் போயின என்று கேட்க வேண்டும். முனீஸ்வரன் கோவில் தெருவுக்குத் தூண் கொடுத்த வீடுகளில் பல, சுவர் பலமில்லாமல் விழுந்தவை அல்ல. பங்குதாரர் பெருகி இடிக்கப்பட்டவை. நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வளவில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அவர் பிள்ளைகளுக்கு அதில் பங்கு, அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பங்கில் பங்கு. மூன்று தலைமுறை போனால் சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலுமாக நாற்பது கையெழுத்து தேவைப்படும். ஓடு மாற்ற யார் பணம் போடுவது? பெரியவர் ஒருவர் இருக்கும்வரை முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கதவு திறப்பார்கள். அவருக்குப் பின்னால் ஒருநாள் விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவாகும். அந்த வீடு நூற்றைம்பது வருஷம் நின்றிருக்கக்கூடிய வீடாகவே இருக்கலாம். அதே தெருவில் பலவீனமான ஒரு வீடு ஒற்றை வாரிசு கையில் கிடைத்து, வருஷா வருஷம் ஒட்டுப்போட்டு, இன்றும் நின்றுகொண்டிருக்கலாம்.

இதிலிருந்து தெரிவது என்ன? சல்லடை எதைச் சலிக்கிறது என்பதுதான் முக்கியம். சுவரின் பலத்தைப் பார்த்துச் சலித்திருந்தால், எஞ்சிய வீடுகளை வைத்துப் பலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ஏமாறுவோம். பங்காளிகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சலித்திருந்தால், பலத்தைப் பற்றி அதிகம் ஏமாற மாட்டோம், ஆனால் அந்தக் காலத்துக் குடும்பங்களின் அளவைப் பற்றித் தப்புக் கணக்குப் போடுவோம். நிஜத்தில் இரண்டும் கலந்தே நடக்கிறது. எனவே "போனது எது?" என்பதோடு "எதனால் போனது?" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமை.

வீட்டை விட்டு மனிதர்களுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் திண்ணைக் கதைகளில் பாதி, கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்காகக் கடல் தாண்டிப் போனவர்களின் கதை. பத்து வயசுக்கு மேல் வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கிற பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினார், அடுத்தாளானார், ஏஜெண்ட் ஆனார், மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் வந்தார், அடுத்த நடையில் சொந்தக் கடை, அப்புறம் இந்த வீடு. கேட்கவே நெஞ்சு நிமிரும். அந்த உழைப்பையும் சிக்கனத்தையும் நான் மனதார மதிக்கிறேன். ஆனால் கதை எந்த வீட்டுத் திண்ணையில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அந்தத் திண்ணையைக் கட்ட முடிந்தவருடைய கதை அது. பர்மாவின் ரங்கூனிலும் மோல்மீனிலும், வியட்நாமின் சைகோனிலும் காய்ச்சலில் போன பெட்டியடிப் பையன்களுக்கும், கணக்கில் நஷ்டம் காட்டி ஊர் திரும்ப வெட்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் திண்ணை இல்லை. "சின்ன வயசிலேயே தைரியமாக் கிளம்பினாத்தான் முன்னுக்கு வர முடியும்" என்று இன்றைய பையனுக்குப் புத்தி சொல்கிறபோது, தைரியமாகக் கிளம்பி முன்னுக்கு வராதவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கிளம்பிய எல்லாரிடமும் தைரியம் இருந்தது.

முன்னுக்கு வந்தவர்களையும் காலம் எல்லா வருஷமும் ஒரே மாதிரி விடவில்லை. 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த சாகுபடி நிலம் 1938-இல் 25 சதவீதம் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் செல்வம் பெருகியதுபோல் இருக்கும். உண்மையில் காசு மண்ணாகி முடங்கிப்போனது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்ப, பலர் மலையும் காடுமாக நடந்தே வந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். பின்னால் 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1960-களில் கடைகளும் போயின. நம் ஊர்களில் பெரிய வீடுகள் கட்டுவது 1940-களோடு ஏறக்குறைய நின்றுபோனதன் முக்கியக் காரணம் இது. கொத்தனார்களின் கைத்திறன் ஒரே ராத்திரியில் மறைந்துவிடவில்லை.

இந்த மயக்கத்தை வெகு காலம் முன்பே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார், அதுவும் கடற்பயணத்தை வைத்தே. கிரேக்கத்தில் தியாகரஸ் என்பவரிடம் ஒரு நண்பர் கோவில் சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினாராம். புயலில் சிக்கி, சாமிக்கு வேண்டிக்கொண்டு, உயிரோடு கரை சேர்ந்தவர்கள் காணிக்கையாகக் கொடுத்த படங்கள். "பார்த்தீரா, வேண்டியவர்கள் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள்!" அதற்கு தியாகரஸ், வேண்டிக்கொண்டும் மூழ்கியவர்களின் படம் எங்கும் இல்லையே என்றார். ரோமானியரான சிசரோ எழுதி வைத்த சம்பவம் இது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துக் கோவில் திருப்பணி செய்து வந்த கடலோடி வணிகர்களின் ஊரில் இதைச் சொன்னால் சட்டென்று விளங்கும். அதற்காக வேண்டுதலைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படங்களை எண்ணி வேண்டுதலின் பலனை அளக்க முடியாது, அவ்வளவுதான்.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியவர் ஆபிரகாம் வால்ட். 1902-இல் பிறந்தவர், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப் போரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழுவில் இருந்தார். சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்று ராணுவத்திடம் விவரம் இருந்தது. இறக்கையிலும் உடலிலும் துளை நிறைய, எஞ்சினில் குறைவு. துளை நிறைய உள்ள இடத்துக்குக் கவசம் போடத் தோன்றுவது இயல்பு. வால்ட் 1943-இல் எழுதிய குறிப்புகளின் சாரம் நேர்மாறானது: எஞ்சினில் அடிபட்டவை திரும்பி வரவில்லை, அதனால்தான் வந்தவற்றில் எஞ்சின் துளை குறைவு. வந்தவற்றின் காயங்களைக்கொண்டே, வராதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று மதிப்பிட வழி வகுத்துக் கொடுத்தார். அந்த வால்ட் 1950 டிசம்பர் 13 அன்று, இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணமாக வந்திருந்தபோது, நம் நீலகிரி மலையில் மோதிய விமானத்தில் மனைவியோடு இறந்துபோனார். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் இன்னும் நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நாள்தோறும் காதில் விழுகிற பேச்சில் இந்த மயக்கம் அதிகம் குடியிருப்பது உடம்பு, சாப்பாடு விஷயத்தில். "எங்க அப்பத்தா தொண்ணூறு தாண்டுச்சு. நல்லெண்ணெயும் கருப்பட்டியும்தான். ஒரு மாத்திரை போட்டதில்ல." இதைச் சொல்லாத குடும்பம் உண்டா? என் அப்பத்தாவும் அப்படித்தான். கடைசிவரை கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்கியது. ஆனால் அந்தக் காலத்து ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அதுவே விரலை மடக்கி வேறொரு கணக்குச் சொல்லும்: "எட்டுப் பெத்தேன், அஞ்சு தங்குச்சு." போன மூன்றில் ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். மற்ற இரண்டும் பெயர் வைக்கிற வரைக்கும் இருக்கவில்லை. இந்தியா விடுதலை அடைந்த காலத்தில் நம் மக்களின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. எல்லாரும் முப்பதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தைகள் அவ்வளவு பேர் போனார்கள், அது சராசரியைக் கீழே இழுத்தது. அம்மையையும் காலராவையும் பிரசவத்தையும் தாண்டி வந்தவர்தான் நமக்குத் தெரிந்த அப்பத்தா. அவர் சாப்பிட்ட கருப்பட்டியைத்தான் போன மூவரின் வீட்டிலும் சாப்பிட்டார்கள், ஏனென்றால் அது ஒரே வீடு.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சொந்த அனுபவம் சொல்வதே வீண், புள்ளிவிவரம் இருந்தால் பேசு என்று யாரையும் வாயடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதை நான் அறவே ஏற்கவில்லை. அனுபவக் கதைக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை அட்டவணை செய்யாது. ஒன்று நடக்க முடியும் என்று நிரூபிக்க ஒரே ஒரு கதை போதும். சுண்ணாம்புப் பூச்சு நூறு வருஷம் தாங்குமா என்று கேட்டால், தாங்கிய ஒரு சுவரைக் காட்டினால் முடிந்தது, அதற்குமேல் வாதமில்லை. அந்தக் கதையால் ஆகாத வேலை, எத்தனைக்கு எத்தனை தாங்கும் என்று சொல்வது. "நடக்கும்" என்பதற்கும் "வழக்கமாக நடக்கும்" என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை மறக்காமல் இருந்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் கதை பேசலாம்.

அப்புறம், பெரியவரிடம் இந்தக் கருத்தை விளக்கி அவரைத் திருத்தப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அவருடைய கதையையே நீட்டச் சொல்லுங்கள். "உங்க தெருவுல அப்ப எத்தனை வீடு இருந்துச்சுய்யா? இப்ப எத்தனை இருக்கு? மத்ததெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டால் முகம் மாறும், ஞாபகம் விரியும். இந்த வீட்டில் மேற்கே ஒரு கட்டு இருந்தது, இடி விழுந்தது. அந்த வீட்டுக்காரர் பினாங்கில் போனபின் ஆச்சி நகையை விற்று ஓடு மாற்றினார், அவருக்குப் பின் ஆளில்லை. இந்த மனை ஒரு வண்டிக்காரர் குடிசை. செட்டிநாட்டு ஊர்கள் தொண்ணூற்றாறு என்று வழக்கில் சொல்வார்கள், இன்று எழுபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கின்றன என்பதும் அப்படித்தான் பேச்சில் வந்து விழும். சாட்சி சொல்பவர் அவர்தான், நாம் கேட்கிற கேள்வி மட்டும் மாறியிருக்கிறது.

பழைய வீடுகளைப் பற்றி எனக்குப் பயன்பட்ட பேச்சு, அவற்றை இடிக்கிற வேலைக்குப் போகும் ஒரு கொத்தனாருடையது. நின்ற வீடுகளையே பார்த்துப் பழகியவர்களிடம் அது கிடைக்காது. டீக்கடையில் கேட்டேன், எது முதலில் போகும் அண்ணே என்று. யோசிக்காமல் சொன்னார்: "சுவரு கெடக்கும். வளவுல ரெண்டு பக்கத்து ஓடும் வந்து சேருற மூலை இருக்கு பாருங்க, அங்கதான் தண்ணி எறங்கும். எறங்குனா உத்தரத்தோட நுனி சுவத்துக்குள்ளயே உளுத்துரும், வெளிய தெரியாது. தேக்குன்னா கொஞ்ச நாள் தாங்கும். நாட்டு மரமா இருந்தா கரையானுக்குச் சோறு. நாங்க இடிக்கப் போன வீட்டுல முக்காவாசி அந்த மூலையில ஆரம்பிச்சதுதான்." உங்களுக்குப் பழைய வீடு ஒன்றில் பங்கு இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளை ஏற்றி அந்த நாலு மூலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.